அடிபட்ட மூளைக்கு எவ்வளவு ஓய்வு?

கெட்டித் தயிர் உள்ள சட்டியைச் சட்டென்று திருப்பி நிறுத்துங்கள். சட்டி நின்ற பின்னும் தயிர் ஆடும். பந்தாட்டத்தில் இருவர் தலைகள் மோதும்போது மண்டையோட்டினுள் மூளையின் கதியும் ஏறக்குறைய இதுதான். இதனை 'மூளையதிர்ச்சி' என்பர். ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. ஆனால் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம் எல்லாம் வரும்.

காரணம் என்ன? உலுக்கப்பட்ட நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அணுக்களுக்குக் குளுகோஸ் ஏராளமாகத் தேவை. வேடிக்கையைப் பாருங்கள், அந்த நேரத்தில்தான் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது!

'அப்படியானால் மூளைக்கு முழு ஓய்வு கொடுக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். மருத்துவர்கள் பலரும் நெடுநாள் அப்படித்தான் எண்ணினர். இருட்டறை, படிப்பில்லை, விளையாட்டில்லை, நண்பர்களும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் மில்வாக்கி நகர மருத்துவர்கள் இதைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வு. மற்றவர்களுக்கு ஓரிரு நாள் மட்டும். அதிகத் தொல்லைகளைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? 5 நாள் படுத்திருந்தவர்களே!

பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெட்டி, பேரி வில்லர் இருவரும் இன்னும் துணிந்தனர். நோயாளியை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, நிமிடந்தோறும் அதன் சரிவைச் சிறிது கூட்டினர். தலைவலி அதிகமாகும் கணத்தில் நிறுத்தி, இதயத் துடிப்பைக் குறித்தனர். அது 150 என்றால், அதில் 80 விழுக்காடான 120-ஐத் தாண்டாமல் தினம் 20 நிமிடம் உடற்பயிற்சி. 13 முதல் 18 வயது வரையுள்ள, அதாவது உங்கள் வயதொத்த, 103 பேரிடம் இதனைச் சோதித்து 2019-இல் அறிவித்தனர். இப்படிப் பயின்றவர்களில் பாதிப்பேர் 13 நாட்களில் தேறினர். கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாட்கள் ஆயின. நான்கு நாள்தானே என்று எண்ணாதீர்கள். தேர்வு நெருங்கும்போது அதன் அருமை தெரியும்.

ஆம்ஸ்டர்டாமில் 2022-இல் கூடிய வல்லுநர்களும் முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, படிப்படியாகப் பள்ளி என்றே பரிந்துரைத்தனர். மீண்டும் மோதல் நேரக்கூடிய ஆட்டத்துக்கு மட்டும் மருத்துவர் அனுமதி வேண்டும்.

இதைப் படித்துவிட்டு அடிபட்ட அன்றே மைதானத்தில் இறங்கிவிடாதீர்கள்! 'ஒன்றுமில்லை சார்' என்று மறைத்து ஆடுகிறவர்கள் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், உடனே வெளியேறியவர்கள் சராசரியாக 22 நாட்களில் தேறினர். தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாட்கள். அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் தூங்கி வழிந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.