எந்தப் பாபநாசம்?

பட்டா நகல் எடுக்க இணையத்துக்குள் போனவர்களுக்கு அந்த மூன்று பெட்டிகளைத் தெரியும்: மாவட்டம், வட்டம், கிராமம். முதல் பெட்டியில் மதுரையைத் தொட்டால், அதுவரை வெறுமையாகக் கிடந்த இரண்டாவதில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று வட்டங்கள் வந்து உட்காருகின்றன. உசிலம்பட்டியைத் தொட்டால் மூன்றாவதில் அதன் கிராமங்கள் மட்டும். தமிழ்நாட்டில் வருவாய் கிராமங்கள் 16,000-க்கும் மேல். அத்தனையையும் ஒரே பட்டியலில் கொட்டியிருந்தால் நம் ஊரைத் தேடுவதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

மதுரைக்கு உட்பட்ட வட்டங்கள் இன்னின்னவை என்பது எங்கே எழுதியிருக்கும்? நாமாக இருந்தால் நோட்டில் ‘மதுரை’ என்று தலைப்பிட்டு அடியில் வரிசையாக எழுதுவோம். தரவுத்தளம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. மதுரையின் வரியில் வட்டங்களைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பெயரும் ஓர் எண்ணும்தான். எண் 7 என்று வைத்துக்கொள்வோம். மேலூரின் வரியில் ‘என் தாய் 7’ என்றிருக்கும். உசிலம்பட்டியின் வரியிலும் அப்படியே. தன் பிள்ளைகள் யாரென்று தாய்க்குத் தெரியாது. தாய் யாரென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நாம் மதுரையைத் தொட்டதும் ‘தாய் எண் 7 உள்ள வட்டங்களைக் கொடு’ என்று ஒரு கேள்வி போகிறது. பட்டியல் வந்துவிடுகிறது.

இந்தத் தாய் எண்ணுக்குத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பெயர் ‘ஃபாரின் கீ’, அதாவது அந்நியச் சாவி. பெற்றவளின் எண்ணுக்கு இப்படிப் பெயர் வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ!

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரைதான் இந்த அமைப்புக்கு வேர். தகவலை எளிய அட்டவணைகளாக வைத்து, அவற்றுக்குள் இருக்கும் மதிப்புகளைக் கொண்டே உறவுகளைச் சொல்லலாம் என்றார். 1981-இல் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

இதன் அழகு ஊர் எல்லைகள் மாறும்போது தெரியும். 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமானது. மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் ஆகிய வட்டங்கள் அதற்குப் போயின. மேலே சொன்ன மாதிரி அமைத்த தரவுத்தளத்தில் மாவட்டத்துக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்து, நான்கு வட்டங்களின் தாய் எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. அவற்றின் கிராமங்களில் ஒன்றைக்கூடத் தொடவேண்டியதில்லை. கிராமத்துக்குத் தன் வட்டம்தான் தெரியும், பாட்டியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

பெயரையே அடையாளமாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். பாபநாசம் என்றால் எது? தஞ்சை மாவட்டத்து வட்டமா, தாமிரபரணிக் கரையில் இருக்கும் நெல்லை ஊரா? புதூர்களையும் நல்லூர்களையும் எண்ணி மாளாது. எண் இருந்தால் குழப்பமில்லை.

இணையத்தின் தொடக்க காலத்தில் மாவட்டத்தை மாற்றினாலே பக்கம் முழுவதும் மறுபடி இறங்கவேண்டியிருந்தது. பக்கத்தை அசைக்காமல் பின்னணியில் தகவல் கேட்டு வாங்கும் வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வந்தது. அதோடு ஒரு வேடிக்கையான பிழையும் வந்தது. ஒருவர் மதுரையைத் தொட்டுவிட்டு, தவறென்று உடனே தஞ்சாவூரைத் தொடுகிறார். இரண்டு கேள்விகள் போகின்றன. தஞ்சாவூரின் பதில் முந்திக்கொள்கிறது. வழியில் தாமதமான மதுரையின் பதில் பிந்தி வந்து அதன்மேல் ஏறி உட்காருகிறது. திரையில் தஞ்சாவூருக்குக் கீழே உசிலம்பட்டி! ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் ஏற்பது இதற்கு மருந்து.

அப்படியும் சர்வர் இந்தப் பெட்டிகளை நம்பிவிடக் கூடாது. பெட்டிகளைத் தொடாமலே விரும்பிய எண்களை நேராக அனுப்பத் தெரிந்தவர்கள் உண்டு. வந்த படிவத்தில் மாவட்டம் தஞ்சாவூர், வட்டம் உசிலம்பட்டி என்றிருந்தால் சர்வர் உசிலம்பட்டியின் வரியைப் பார்க்கும். அங்கே தாய் எண் 7. படிவம் திரும்பிவிடும்.