அந்தமான் தொலைமருத்துவம்: கேபிள் வந்த பின்பும் மிச்சமிருக்கும் கேள்வி

புது தில்லி: அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். நிர்வாகத்துக்குத் துணைநிலை ஆளுநர். அவருக்கு மேலே தில்லியில் உள்துறை அமைச்சகம். ஆகவே நிகோபாரில் ஒரு கர்ப்பிணிக்கு நள்ளிரவில் ரத்தப்போக்கு ஏற்பட்டு, அறுவை சிகிச்சை செய்ய ஆள் இல்லை என்றால், எந்த மாநில சுகாதார அமைச்சரையும் யாரும் கேட்க முடியாது. கேள்வி நேராகத் தலைநகருக்கே வந்து நிற்கிறது. அதற்குத் தலைநகரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவரும் பதில்களில் ஒன்று, தொலைமருத்துவம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். சென்னையின் ஓரிரு வட்டாரங்களில் அடங்கிவிடும் தொகை. ஆனால் அவர்கள் வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கும் அதிகமான கடல் வெளியில் சிதறிக் கிடக்கிறார்கள். தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கார் நிகோபாருக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். தென்கோடியில் உள்ள காம்ப்பெல் பே அதைப்போல் இரு மடங்குத் தொலைவு. இடையில் பத்து டிகிரிக் கால்வாய். பருவமழைக் காலத்தில் அந்தக் கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் கிளம்பாது.

இந்த நிலவியலைக் கணக்கில் கொண்டுதான் இஸ்ரோ 2002-ஆம் ஆண்டு போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையை, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையுடன் இணைத்தது. நாட்டின் முன்னோடித் தொலைமருத்துவ முயற்சிகளுள் இது ஒன்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ மருத்துவமனை அமைத்த மையத்தை, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்ததால் அந்தக் கிராமத்துக்கு உலகப் புகழ் வாய்த்தது. போர்ட் பிளேருக்கு அப்படியொரு விருந்தாளி வாய்க்கவில்லை.

ஏற்பாடு எளிமையானதுதான். நோயாளியின் இதயத் துடிப்புப் பதிவு, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அங்கிருந்து வரும். போரூரில் நிபுணர் அவற்றைப் பார்ப்பார். திரையில் நோயாளியோடும் அங்குள்ள டாக்டரோடும் பேசுவார். செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஒரு கேள்விக்குப் பதில் வந்து சேர அரை நொடி கூடுதலாகும். அது பெரிய குறையல்ல. அலைவரிசையின் கொள்ளளவு குறைவு, செலவு அதிகம் என்பதே குறை. தீவுகளின் வங்கி, அஞ்சல், அரசு அலுவலகம் எல்லாமே அதே குறுகிய வழியில் நெரிசல்பட்டன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தீவுகளில் மிக அதிகமாக இழந்தது நிகோபார்தான். கார் நிகோபார், கச்சால் ஆகியவற்றின் கரையோர ஊர்கள் அழிந்தன. தரைவழித் தொடர்புகள் அறுந்துபோன அந்த நாள்களில் செயற்கைக்கோள் இணைப்பின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. புரிந்த பின்பும் கடலடிக் கேபிள் வர மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து மற்ற தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை கேபிளை 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் மோதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகியவற்றைக் கேபிள் தொட்டது. திட்டத்தின் பயன்களாக அரசு எடுத்துச் சொன்னவற்றில் இணையவழிக் கல்வியோடு தொலைமருத்துவமும் இருந்தது.

கேபிளால் ஆகாதது: வழி அகலமாகிவிட்டது. வழியின் இரு முனைகளிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே இனி விஷயம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரங்கள் (2021-22) சொல்வது இது: நாடு முழுவதும் கிராமப்புறச் சமூக சுகாதார மையங்களில் தேவைப்படும் நிபுணர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இல்லை. ரயிலும் சாலையும் எட்டும் சமவெளியிலேயே நிலை இதுவென்றால், கப்பலை நம்பிய தீவுக்கு நிபுணர் விரும்பிப் போவார் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆகவே தொலைமருத்துவம் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் தெளிவு வேண்டும்.

சென்னையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒருவர், மறுபரிசோதனைக்காக மீண்டும் கப்பலில் மூன்று நாள் போக வேண்டாம். அல்லது விமானக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். சர்க்கரை நோய், தோல் நோய், மனநலச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் இது பெரும் ஆறுதல். அந்தமானில் எலிக்காய்ச்சல் நெடுங்காலமாக உயிர் குடித்துவரும் நோய். சாதாரணக் காய்ச்சல் போல் தொடங்கி நுரையீரலையோ சிறுநீரகத்தையோ தாக்கும். எந்தக் காய்ச்சல்காரரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், யாரை இன்றே அனுப்பியாக வேண்டும் என்று தனியாக நிற்கும் இளம் டாக்டருக்கு ஒரு மூத்தவர் சொல்லித் தருவது உயிர்காக்கும் உதவி. தொலைமருத்துவத்தின் உண்மையான பலம் இந்த முடிவில்தான் இருக்கிறது: அனுப்புவதா, வேண்டாமா?

ஆனால் முதலில் சொன்ன கர்ப்பிணியை எடுத்துக்கொள்வோம். திரையில் தோன்றும் மகப்பேறு நிபுணர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவார். ரத்தம் கேபிள் வழியே வராது. மயக்க மருந்து கொடுப்பவரும் கத்தி பிடிப்பவரும் அந்தத் தீவில் இருக்க வேண்டும். இல்லையேல் விடியும்வரை காத்திருந்து ஹெலிகாப்டருக்கு வானம் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியா இதை வெகு காலம் முன்பே உணர்ந்தது. 1928-இல் அங்கே பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கு மிதித்தால் மின்சாரம் தரும் வானொலிக் கருவி போய்ச் சேர்ந்தது. பின்னர் 1940-களில், எண்ணிடப்பட்ட மருந்துகள் கொண்ட பெட்டி ஒவ்வோர் இடத்துக்கும் வழங்கப்பட்டது. வானொலியில் டாக்டர், இத்தனையாம் எண் மருந்தைக் கொடுங்கள் என்பார். பண்ணை வீட்டுப் பெண் எடுத்துக் கொடுப்பார். குரலோடு மருந்துப் பெட்டியும், தேவைப்பட்டால் விமானமும் சேர்ந்தே திட்டம். மூன்றில் ஒன்றைக் கழித்தால் மற்ற இரண்டுக்கும் மதிப்பில்லை.

நம்மிடம் இப்போது விதிகளும் இருக்கின்றன. தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் 2020 மார்ச் 25 அன்று, பொது முடக்கம் தொடங்கிய நாளிலேயே வெளியாயின. சுகாதாரப் பணியாளர் நோயாளியின் பக்கத்தில் இருந்து டாக்டரோடு பேசலாம் என்பதை அவை ஏற்றன. போதை தரும் மருந்துகளைத் திரை வழியே எழுதித் தருவதற்குத் தடை விதித்தன. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2023 பிப்ரவரியில் பத்து கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. பெரிய எண்தான். ஆனால் ஆலோசனை முடிந்த பிறகு மருந்து கிடைத்ததா, அனுப்பப்பட்ட நோயாளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதை அந்த எண் சொல்லாது. தீவுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் எண்ணினாலே போதும். பத்து கோடியெல்லாம் வேண்டாம்.

நிகோபாரில் இன்னொரு தனித்தன்மை உண்டு. 1956-ஆம் ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாவட்டத்தின் பெரும்பகுதி காப்புப் பகுதி. வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. அது நியாயமான சட்டம். ஆனால் அரசு டாக்டரை விட்டால் தனியார் ஒருவரைத் தேடிப் போகும் வழி அங்கே இல்லை. அரசு தவறினால் மாற்று இல்லை. திரையின் மறுமுனையில் இருப்பவருக்கு நிகோபாரி மொழி தெரியாது என்பதால், இடையே நின்று மொழிபெயர்க்கும் உள்ளூர்ச் செவிலியர் டாக்டருக்கு நிகரான முக்கியத்துவம் உடையவர்.

அம்பின் திசை: 2002-இல் இணைப்பு போர்ட் பிளேரிலிருந்து சென்னையை நோக்கிப் போனது. அன்று அதுவே சரி. 2015-இல் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. பல துறைப் பேராசிரியர்கள் இப்போது தீவுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். எனவே இன்று வலுப்பெற வேண்டிய இணைப்பு கார் நிகோபார், கமோர்ட்டா, காம்ப்பெல் பே ஆகிய இடங்களிலிருந்து போர்ட் பிளேருக்கு. ஹெலிகாப்டரைக் கிளப்பும் அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது. போரூரில் இருப்பவர் அனுப்புங்கள் என்று சொல்லத்தான் முடியும்.

கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் என 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அது சரியா தவறா என்பது தனி விவாதம். அதே தீவில் ஒரு மகப்பேறு நிபுணரையும் ஒரு மயக்கவியல் நிபுணரையும் ஆண்டு முழுவதும் நிறுத்த ஆகும் செலவு இதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று நாடாளுமன்றத்தில் யாரேனும் கேட்கலாம். தீவுகளின் குரலாக அங்கே இருப்பவர் 543 பேரில் ஒருவர் மட்டுமே என்பதால், மற்றவர்களும் கேட்டால் நல்லது. குறிப்பாகத் தமிழக உறுப்பினர்கள். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில கச்சாலின் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன.

2020-இல் கேபிள் தொட்ட தீவுகளின் பட்டியலில் கச்சால் இல்லை. தெரசாவும் சௌராவும் இல்லை. கேபிள் கரையேறிய கமோர்ட்டாவுக்கும் கச்சாலுக்கும் இடையே இருப்பது கடல். அங்கே நோயாளி இன்னும் படகில்தான் ஏற வேண்டும்.