சங்கிலி ரம்பம்: இயக்கமும் பாதுகாப்பும்

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஆம்பன் புயல் மேற்கு வங்கக் கடற்கரையைக் கடந்தது. மறுநாள் பொழுது விடிந்தபோது, கொல்கத்தா நகரின் சாலைகளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. அறுந்த மின்கம்பிகள் கிளைகளில் சிக்கியிருந்தன. மரங்கள் அகலும்வரை சாலைகளில் ஊர்திகள் செல்ல இயலாது, மின்சாரமும் திரும்பாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் இராணுவத்தினரும் அம்மரங்களை அகற்றும் பணியில் ஈடுபட்டனர். இத்தகைய மீட்புப் பணிக்கு இன்றியமையாத கருவி சங்கிலி ரம்பம்.

கைவாளால் நெடுநேரம் அறுக்க வேண்டிய அடிமரத்தை இக்கருவி சில நிமிடங்களில் துண்டாக்கிவிடும். ஆனால், மரத்தை அறுக்கும் அதே வேகம் அதனை ஏந்தி நிற்பவரின் உயிருக்கும் ஊறு செய்யக்கூடும். ஆகவே, முறையான பயிற்சி பெற்ற பெரியவர்கள் மட்டுமே இதனை இயக்க வேண்டும். அவர்கள் பின்பற்றும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தை அறிந்தவர் விதியை எளிதில் மறப்பதில்லை.

அமைப்பு

சங்கிலி ரம்பத்தின் முன்பகுதியில் நீண்ட இரும்புத் தகடு ஒன்று உள்ளது. அதன் விளிம்பிலுள்ள பள்ளத்தில் பற்கள் பொருந்திய சங்கிலி ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சின் வேகமெடுக்கும்போது கிளட்ச் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பற்சக்கரம் சங்கிலியை இழுக்கிறது. முழுவேகத்தில் சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் தொலைவு ஓடும். அது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகமாகும்.

சங்கிலியின் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்துள்ளன. இவ்வமைப்புக்கு ஒரு புழுவே வழிகாட்டியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946ஆம் ஆண்டில், வண்டின் புழு ஒன்று கடினமான மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கண்டார். அப்புழுவின் தாடைகளைப் போன்றே வளைந்த பற்களை உருவாக்கினார். இன்றைய சங்கிலிகள் அதன் வழிவந்தவையே.

பின்னுதைப்பு

ஓடும் ரம்பத்தின் நுனியில், மேற்பகுதி எதிர்பாராமல் மரத்தில் பட்டால், தகடு கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி எழும்பி இயக்குபவரின் முகத்தை நோக்கிப் பாயும். இதனைப் பின்னுதைப்பு என்பர். மனிதர் உணர்ந்து விலகுவதற்குள் அது நிகழ்ந்து முடிந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே காப்பு அமைத்துள்ளனர். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு இருக்கும். கருவி எழும்பும்போது இடக்கை அதன்மீது மோதும். உடனே தடை இறுகிச் சங்கிலி நின்றுவிடும்.

தடை ஒன்றையே நம்பியிருத்தல் கூடாது. இரு கைகளாலும் ரம்பத்தைப் பற்ற வேண்டும். இடக்கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். தோளுக்கு மேலே உயர்த்தி அறுக்கக் கூடாது. இயக்கத் தொடங்கும்போது ரம்பத்தைத் தரையில் வைத்து, தடையைப் பூட்டி, பின்கைப்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும்.

உடலுக்குக் காப்பு

இக்கருவியின் ஓசை 100 டெசிபலைத் தாண்டுவதால் காதுக்காப்பு இன்றியமையாதது. தலைக்கவசம், முகத்திரை, கையுறை, முனையில் இரும்பு பொருத்திய காலணி ஆகியனவும் வேண்டும். காலுக்குரிய காப்புடை வியப்பூட்டுவது. அதனுள் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அவ்விழைகள் வெளிவந்து பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதனை நிறுத்திவிடும்.

சாய்ந்த மரத்தை அறுத்தல்

புயலில் சாய்ந்த மரம் அசைவற்றுக் கிடந்தாலும் அதனுள் விசை ஒடுங்கியிருக்கும். இரு முனைகளும் தாங்கப்பட்டு நடுவில் வளைந்த மரத்தின் மேற்பக்கம் நெருக்குண்டும், கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே முழுவதும் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வும். எனவே, முதலில் மேற்பக்கத்தில் சிறிதளவு அறுத்து, பின்னர் கீழிருந்து அறுத்து முடிப்பர். வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியை அறுத்தால், வேர்மண் திரள் திடீரெனக் குழிக்குள் திரும்பச் சாயலாம். ஆதலால் அக்குழியின் அருகே எவரும் நிற்றல் ஆகாது. மின்கம்பி சிக்கிய மரத்தை, மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் தொடவும் கூடாது.

பராமரிப்பு

ரம்பத்தின் நிலையை அதிலிருந்து விழும் தூளே காட்டிவிடும். மரச்செதில்கள் விழுந்தால் பற்கள் கூராக உள்ளன. மாவு போன்ற தூள் விழுந்தால் மழுங்கிவிட்டன. மழுங்கிய ரம்பம் மெதுவாக அறுப்பதால் ஆபத்துக் குறைவு என்று சிலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய ரம்பத்தை இயக்குபவர் வலிந்து அழுத்துவார், விரைவில் களைப்படைவார், பிடி தளரும். ஆகவே, ஒவ்வொரு பல்லையும் உருட்டு அரத்தால் ஒரே திசையில், சம எண்ணிக்கையில் தீட்ட வேண்டும்.

சங்கிலி தளர்ந்தால் பள்ளத்திலிருந்து கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுகினால் தகடு தேயும். வேலையின்போது சங்கிலி சூடேறி நீளும் இயல்புடையது. அப்போது அதனை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் குளிர்ந்து சுருங்கித் தகட்டை நெருக்கும். எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் சங்கிலிக்குரிய எண்ணெயையும் நிரப்புதல் நல்ல பழக்கம். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். தூய்மை செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் எஞ்சின் நின்றிருத்தல் வேண்டும்.

பேரிடர்க் காலத்தில் ஒவ்வொரு நிமிடமும் அரியது. ஆயினும், கூர் தீட்டுவதற்கும் தடையைச் சோதிப்பதற்கும் செலவிடும் சில நிமிடங்கள் வீணாவதில்லை. மீட்க வந்தவரே காயமுற்றால் அவரையும் மீட்க வேண்டிய நிலை ஏற்படும். தம்மைக் காத்துக்கொள்பவரே பிறரைக் காக்க வல்லவர்.

சிந்தித்து விடை எழுதுக

1. பின்னுதைப்பு எவ்வாறு ஏற்படுகிறது?
2. மழுங்கிய ரம்பம் ஆபத்தானது என்பது ஏன்?
3. காலுக்குரிய காப்புடை சங்கிலியை எவ்வாறு நிறுத்துகிறது?
4. சாலையில் சாய்ந்த மரம் ஒன்றில் மின்கம்பி சிக்கியுள்ளது. அதைக் காண்பவர் செய்ய வேண்டியவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.