உஷார்! உள்ளே 160 ரூபாய் வெள்ளி, வெளியே 178 ரூபாய் விலை

"மாமா, கடையில வெள்ளிக் கட்டி இல்லைங்கறாங்க. நான் ஃபோன்லயே ஒரு லட்சத்துக்கு வாங்கிட்டேன்." 2025 தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஈரோட்டிலிருந்து என் மைத்துனன் பேசினான். ரேஷன் கடையில் சரக்கு தீருவதற்குள் வாங்கிவிட்டவனின் பெருமை குரலில். வாங்கியது வெள்ளி ஈ.டி.எஃப். என்ன விலைக்கு என்று கேட்டேன். "மார்க்கெட் விலைக்குத்தான்!"

பிரச்னையே அந்தத் 'தான்'தான்.

ஈ.டி.எஃப். என்பது பங்குபோலச் சந்தையில் கைமாறும் மியூச்சுவல் ஃபண்ட். அதற்கு எப்போதும் இரண்டு விலை. யூனிட்டுக்குள் இருக்கும் சரக்கின் மதிப்பு ஒன்று, அது என்.ஏ.வி. சந்தையில் அந்த நிமிடம் யாரோ ஒருவர் கேட்கும் விலை இன்னொன்று. சாதாரண நாளில் இரண்டும் ஒட்டியே போகும். விலை கொஞ்சம் ஏறினால் 'மார்க்கெட் மேக்கர்'கள் வெள்ளியை ஃபண்ட் நிறுவனத்திடம் கொடுத்துப் புது யூனிட் வாங்கி, சந்தையில் விற்று, விலையை இறக்கிவிடுவார்கள்.

அந்த அக்டோபரில் கொடுக்க வெள்ளி இல்லை. உலகச் சந்தையிலேயே தட்டுப்பாடு. நம் ஊரிலோ பண்டிகைக் கிராக்கி. புது யூனிட் தேவைக்கு ஈடாக வரவில்லை, வாங்குகிற கூட்டமும் குறையவில்லை. பல வெள்ளி ஈ.டி.எஃப்.கள் என்.ஏ.வி.யைவிடப் பத்து சதவிகிதத்துக்கும் மேலே போய் நின்றன. சில ஃபண்ட் நிறுவனங்கள் இந்த ஈ.டி.எஃப்.களில் முதலீடு செய்யும் தங்கள் வெள்ளி ஃபண்டுகளில் மொத்தத் தொகையாகப் பணம் வாங்குவதையே நிறுத்திவைத்தன. கடைக்காரரே 'இன்றைக்கு வேண்டாம்' என்று ஷட்டரை இறக்கும்போது நாம் பின்வாசல் வழியாக நுழைந்து வாங்கினோம்.

கணக்குக்காக முழு எண்ணில் சொல்கிறேன். உள்ளே 160 ரூபாய் வெள்ளி, கொடுத்தது 178. ஒரு லட்சத்துக்கு 561 யூனிட். அதில் இருக்கும் வெள்ளி 90 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வெள்ளி விலை ஒரு பைசாகூட இறங்க வேண்டாம். கூட்டம் கலைந்தாலே பத்தாயிரம் காலி. கலைந்தது. தீபாவளி முடிந்த சில நாட்களில் அந்தக் கூடுதல் விலையும் வடிந்தது, உலகச் சந்தையில் அவுன்ஸ் 54 டாலரைத் தாண்டியிருந்த வெள்ளியும் 50க்குக் கீழே வந்தது. இரண்டு பக்கமும் அடி.

வெள்ளியோடு முடிகிற கதையும் இல்லை. அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் ஈ.டி.எஃப்.களில் இந்த வியாதி நாள்பட்டது. மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டுப் பங்குகளில் போடும் பணத்துக்கு மொத்தமாக 700 கோடி டாலர் உச்சவரம்பு. 2022 பிப்ரவரியில் அது நிரம்பும் நிலைக்கு வந்து, புது முதலீட்டுக்குத் தடை விழுந்தது. புது யூனிட்டுக்கு வழியில்லை என்றால் இருக்கிற யூனிட்டுக்கு ஏலம்தான். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு ஏறுகிறது என்று வாங்குகிறவர் பாதி நேரம் நாஸ்டாக்கை வாங்குவதில்லை, பக்கத்து ஆளின் அவசரத்தை வாங்குகிறார்.

இன்னொரு குழி, யாரும் சீண்டாத ஈ.டி.எஃப். திரையில் 52 ரூபாய் என்று இருக்கும். விற்கிறவர் பக்கம் பார்த்தால் 52.40க்கு 30 யூனிட், 54க்கு 50, அதற்கப்புறம் நேரே 58. இங்கே 'மார்க்கெட் ஆர்டர்' போட்டு 500 யூனிட் கேட்டால் 58 வரைக்கும் துடைத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, 'ஆர்டர் நிறைவேறியது' என்று பச்சை டிக் காட்டும் செயலி. 'லிமிட் ஆர்டர்' போடுங்கள். விலையை நீங்கள் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் போகட்டும். அதிக விலை என்றால் ஃபண்ட் நிறுவனத்திடமே நேராக வாங்கலாமே என்கிறீர்களா? அந்தக் கதவு திறக்க 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும்.

அமெரிக்கச் சந்தைக்குச் செயலி வழியாகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே 'இரு மடங்கு', 'மும்மடங்கு' என்று விற்பார்கள். அந்த மடங்கு ஒரு நாளைக்குத்தான். குறியீடு 100லிருந்து 90க்கு இறங்கி, மறுநாள் 100க்கே திரும்பினால் உங்களுக்கு நஷ்டமில்லை என்றா நினைக்கிறீர்கள்? இரு மடங்கு ஃபண்ட் 80க்குப் போய் 97.78க்குத்தான் திரும்பும். இப்படியே நாலு ஆட்டம் ஆடினால் மீதியைச் சொல்லவே வேண்டாம். இப்படி ஒரு நாள் கணக்கில் ஓடும் சரக்குக்கு இதைவிட மோசமான கதியும் உண்டு. 2018 பிப்ரவரி 5 அன்று, சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு எதிராகப் பந்தயம் கட்டிய எக்ஸ்.ஐ.வி. என்ற பத்திரம் ஒரே நாளில் 90 சதவிகிதத்துக்கு மேல் மதிப்பிழந்து, அந்த மாதமே இழுத்து மூடப்பட்டது.

பார்க்க வேண்டியது 'ஐ-என்.ஏ.வி.' என்ற எண். சந்தை ஓடும்போதே உள்ளிருக்கும் சரக்கின் மதிப்பு இவ்வளவு என்று காட்டுவது. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும், பங்குச் சந்தையின் தளத்திலும் இருக்கும். நீங்கள் வாங்கும் செயலியின் முதல் திரையில் இல்லாமல் போகலாம். 'வாங்கு' பொத்தான் மட்டும் கட்டை விரல் அகலத்தில் இருக்கும். விலைக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே ஒரு சதவிகிதத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் நான் ஃபோனை மேஜையில் கவிழ்த்துவிடுவேன். என் அளவுகோல் அது.

அந்த ஆண்டு டிசம்பரில் வெள்ளி 70 டாலரைத் தாண்டியதும் மைத்துனன் மறுபடி பேசினான். "பாத்தீங்களா மாமா, என்னமோ பயமுறுத்துனீங்களே!" லாபம்தான், மறுக்கவில்லை. அதே ஒரு லட்சத்துக்கு 160 ரூபாய் விலையில் 625 யூனிட் வந்திருக்கும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அறுபத்து நாலைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.