பாட்டியின் பாம்படம்

நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் வாழ்ந்த நம் மூதாட்டியரை நினைக்குங்கால், கண்முன் முதலில் தோன்றுவது தோள்வரை தொங்கிய காதும் அதில் அசைந்தாடிய பாம்படமும் அன்றோ! சிறுமியின் காதைத் துளைத்து, கனமான குணுக்கைத் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் காது வளர்த்துப் பின் பூட்டிய அணி அது. காலம் மாறிற்று. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொள்வது நாகரிகமாயிற்று. கழற்றிய பாம்படங்களுள் பல பொற்கொல்லரின் மூசைக்குள் சென்று, சங்கிலியாகவும் வளையலாகவும் உருமாறின.

இன்றோ பழைய நகைமீது இளையோர்க்கு மீண்டும் ஆசை பிறந்துள்ளது. பாம்படத்தைச் சங்கிலியில் பதக்கமாகக் கோத்து அணிவோரும் உளர். நல்லதே. ஆயினும், வாங்குமுன் சிலவற்றை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, எடை. பாம்படம் கட்டிப் பொன்னால் ஆனதன்று. மெல்லிய பொன் தகட்டை உருண்டையாகவும் சதுரமாகவும் கூம்பாகவும் இணைத்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்வர். பழைய கெம்புக்கல் அட்டிகையிலும் கல்லின் அடியில் அரக்கு உண்டு. அரக்கோடும் கல்லோடும் நிறுத்து, அத்தனைக்கும் பொன்விலை கொடுப்பவர் அரக்கையும் பொன்னாக வாங்கியவராவார்.

இரண்டாவது, மாற்று. 22 காரட் என்பது நூற்றுக்கு 91.6 பங்கு பொன். பழங்கால நகைகளில் பற்றவைக்கும் பொடி மிகுதியாதலால், உருக்கினால் மாற்றுக் குறைவதுண்டு. உரைகல்லும், இக்காலக் கதிர்க்கருவியும் பெரும்பாலும் மேற்பரப்பையே காட்டும், உள்ளிருப்பதைக் காட்டா. 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் முத்திரை கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு இன்றி அத்தகைய நகையைக் கடைகள் விற்றலாகாது. பாட்டி காலத்து நகையில் இம்முத்திரை இராது. ஆகவே, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணம் செலுத்திச் சோதித்தறிவது அறிவுடைமை.

மூன்றாவது, வயது. புது நகைக்குக் கருமை பூசிப் பழமைத் தோற்றம் தருவது இக்காலத் தொழில். அது தவறன்று, புதியதைப் பழையதென்று சொல்லி விற்பதே தவறு. மெய்யாகவே நெடுநாள் அணிந்த நகை, கொக்கியிலும் வளையத்திலும் உராய்ந்து தேய்ந்திருக்கும். அழுக்கு இடுக்கில் மட்டும் படிந்திருக்கும். எங்கும் ஒரே சீராகக் கருத்திருப்பின் ஐயுறுக. நூறாண்டு கடந்த வரலாற்று, கலைச் சிறப்புடைய பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றை நம் விருப்பப்படி வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது.

யாவற்றினும் முதன்மையான கேள்வி ஒன்றுண்டு: இது யாருடையது? ஒவ்வொரு பழைய நகையும் ஒரு பெண்ணின் உடலில் கிடந்தது. மருத்துவச் செலவுக்கோ மகளின் திருமணத்துக்கோ பண முடையில் விற்பவரிடம், அவர்தம் இடுக்கணைக் கண்டு விலையைக் குறைப்பது வணிகத் திறமையா? அநீதியே. உரிய விலை கொடுங்கள். உரிய இரசீதும் பெறுங்கள். இரசீது தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அது களவுப் பொருளாகவும் இருக்கலாம்.

அணிவோர்க்கும் ஒரு சொல். அரக்கு நிரப்பிய நகையை வெந்நீரில் இடாதீர்கள். அரக்கு இளகிக் கல் கழலும். முத்துக்கு வியர்வையும் வாசனைத் தைலமும் ஆகா. பழைய திருகும் மரையும் தேய்ந்திருக்கும். கோத்த நூல் நைந்திருக்கும். அணியுமுன் செப்பனிட்டுக் கொள்ளுங்கள்.

இறுதியாக, கடைவீதியில் தேடுமுன் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு பாம்படம் இருப்பின், அதற்குரிய மூதாட்டியைக் கேளாமல் உருக்கத் துணியாதீர்கள். யார் செய்வித்தது, எப்போது பூட்டியது, ஏன் கழற்றியது என அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, நகையோடு வையுங்கள். உருக்கினால் பொன் மிஞ்சும்; அவர் சொல்லும் கதைக்குச் சான்று மிஞ்சாது.