முள் காட்டாத சூடு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையை விட்டு இறங்கினால் கரிசல். கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணில் ஒரு வண்டி போனால் போதும், எழும்பின புழுதி லேசில் அடங்காது. கருவேல விறகு ஏற்றிக்கொண்டு கண்மாய்க்குள்ளிருந்து கரையேறும் பொலேரோ கேம்பரோ, குண்டாற்று மணலில் இறங்கி ஏறும் தார் ஜீப்போ குடிப்பது அந்தப் புழுதி கலந்த காற்றைத்தான். "வண்டி இழுக்கல, கரும்புகை தள்ளுது, டர்போ பக்கம் அனலா அடிக்குது" என்று பட்டறையில் கொண்டுபோய் விட்டால், "டர்போ போயிருச்சு, மாத்திரலாம்" என்ற பதில்தான் பல இடங்களில் முதலில் வருகிறது. பெரிய செலவு. இந்த மண்ணில் ஓடும் வண்டிக்கு டர்போவைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். முதல் சந்தேகம் காற்றின் மேல் விழட்டும்.

அதற்கு முன் சூட்டைச் சரியாக அளக்கத் தெரிய வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். அது நடுவில் அசையாமல் நிற்கும்போதே சிலிண்டரை விட்டு வெளியேறும் புகை 750 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் அலுமினியக் கலவை. அடியிலிருந்து பீய்ச்சும் ஆயிலும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக்காற்றும் குளிர்விப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. புகை வெளியேறும் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், புகையின் சூட்டை அளக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. அதில் 700 டிகிரிக்கு மேல் முள் தொடர்ந்து நின்றால் காலை எடுத்துவிட வேண்டும் என்பது பழைய வண்டிகளுக்குப் பொதுவான கணக்கு. டர்போவுக்குப் பின்னால் பொருத்தினால் பாரம் இழுக்கும்போது 100, 200 டிகிரி குறைத்தே காட்டும். அதை நம்பி ஏமாறக் கூடாது.

பெட்ரோல் வண்டி பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் எரிபொருள் கூடினால்தான் ஏறும். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை வாங்கிக்கொண்டு ஓடுவது. அந்த உபரிக் காற்றுதான் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. காற்று குறைந்தால் டீசல் அரைகுறையாக, பிந்தி எரிகிறது. அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் புகையோடு டர்போவுக்கு வந்து சேர்கிறது. அதனால் கரும்புகையும் அனலும் சேர்ந்தே வரும்.

நம் வெயிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஏறக்குறைய 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதையே டர்போ இருமடங்கு அழுத்தும்போது 130, 140 டிகிரிக்குச் சூடேறிவிடும். அதைத் தணிப்பது இன்டர்கூலர். கிரில்லுக்கு முன்னால் பம்பர் கம்பி, கூடுதல் விளக்கு, பெயர்ப் பலகை என்று அடுக்கியிருந்தால் முதலில் கழற்றுங்கள். இன்டர்கூலர் தகட்டிடுக்கில் மண்ணும் எருக்கம்பஞ்சும் அடைத்திருக்கும். பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் தகடு மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

ஏர் ஃபில்டரை கம்ப்ரஸர் காற்றடித்து, அடித்து, ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது நம் பக்கத்து வழக்கம். இதை விட்டுவிட வேண்டும். வேகமான காற்று காகிதத்தை நுண்ணியதாகக் கிழிக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஃபில்டரைத் தாண்டியுள்ள குழாயின் உட்புறம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ விசிறியை அது ஏற்கெனவே தேய்த்துக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியிலேயே ஃபில்டரை மாற்றுவதுதான் புழுதிக்காட்டுக்குச் சரி.

அடுத்து ஓஸ். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஓஸ்களின் கிளாம்ப் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றோடு லேசான ஆயில் ஆவியும் போவதால், கசியும் இடத்தில் கரிசல் புழுதி அப்பி, விரல் அகலத்துக்குக் கறுத்த ஈரத் திட்டாக நிற்கும். சந்தேகம் என்றால் குழாயை அடைத்து, உள்ளே சுமார் ஒரு பார் காற்றேற்றி, சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கும் வண்டிகளில், நடுவழியில் கசிந்த காற்றும் எஞ்சினுக்குப் போனதாகக் கம்ப்யூட்டர் நினைத்து அதற்கும் சேர்த்து டீசல் ஊற்றும். ஒரு கிளாம்பை முடுக்கினாலே தீர்கிற நோய் இது.

இத்தனையும் சரியென்றால், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, டர்போவின் இதழ்கள் (வேன்கள்) கரிபிடித்து இறுகியிருக்கின்றனவா, சைலன்சர் வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் அளந்தால், ஒன்று மட்டும் தனியாகக் கொதிக்கும்போது அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர்தான் ஒழுகுகிறது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். பவர் கூட்டுகிறோம் என்று சிப் ஏற்றிய வண்டியில் இதையெல்லாம் தேடுவதற்கு முன் அந்தச் சிப்பை எடுங்கள்.

ஓட்டுகிறவர் காலிலும் பாதிச் சூடு இருக்கிறது. மணலில் மூன்றாம் கியரில், எஞ்சின் முக்க முக்க, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்து ஏறுபவர்களைப் பார்க்கிறேன். எஞ்சின் 1,200 சுற்றில் திணறும்போது டர்போ போதுமான காற்றைத் தராது. டீசல் மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஃபோர்வீலில் லோ ரேஞ்ச் கொடுத்திருப்பதே இதற்குத்தான். லோ ரேஞ்ச் கம்பியைப் போட்டு, டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, எஞ்சினை 2,000 சுற்றில் வைத்து ஏறினால் அதே மேட்டில் சூடு வெகுவாகக் குறையும். தார்ச்சாலைக்கு வந்ததும் டயருக்குக் காற்றடித்துவிட வேண்டும். பாரம் இழுத்து வந்த வண்டியை நிறுத்தின உடனே சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். இல்லையென்றால் டர்போ தண்டில் நிற்கும் ஆயில் வெந்து கரியாகும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளுக்கு இன்னொரு கவனம் தேவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க வண்டி தானாகவே சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றிக்கொள்ளும். அது கோளாறு இல்லை. அதைப் பார்த்துப் பயந்து வடிகட்டியை வெட்டி எறிவது சட்டப்படி தவறு, ஊர்க் காற்றுக்கும் கேடு. ஆனால் அந்த நேரத்தில் மக்காச்சோளத் தட்டை கிடக்கும் காட்டிலோ, காய்ந்த புல்லின் மேலோ வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கக்கூடும். எரிப்பு விளக்கு எரிந்தால் சாலையிலேயே ஓட்டி முடித்துவிட்டு, வெறும் மண்தரையாகப் பார்த்து நிறுத்துங்கள்.