உலோகமும் அயரும்!

கோலா சுங்கை பாரு அருகே ஒரு தோட்டத்தில் என் தந்தையார் செம்பனை லோரி ஓட்டினார். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயின்றபோது, ஒரு நாள் லோரியின் 'எக்சோஸ் மெனிபோல்ட்' உடைந்தது. முரட்டுத்தனமாக ஓட்டினார் என்று சொல்லி அவருடைய சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. இன்று, இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் நான் ஆராயும் தலைப்பே அதுதான்: வெப்பமும் ஆக்சிகரணமும் உண்டாக்கும் உலோக அயர்ச்சி.

அயர்ச்சி என்றால் என்ன? கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் உடையும். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும் பலமுறை வந்தால் முறித்துவிடும் என்பதை, 1850, 1860-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியப் பொறியியலாளர் அகஸ்ட் வோலர் இரயில் அச்சுகளைச் சோதித்து நிறுவினார்.

லோரியில் வளைக்கும் கை வெப்பமே. 600 மில்லிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 பாகை சூடேறினால், 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆனால் இரு முனைகளையும் போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. நீள வழியின்றி இரும்பு நசுங்குகிறது. ஆறும்போது சுருங்குகிறது; அப்போது போல்ட்டுகள் அதை இழுக்கின்றன. நாள்தோறும் இப்படி நடந்தால் விரிசல் விழும்.

விரிசலுக்குள் காற்று நுழைகிறது. அங்கே உண்டாகும் ஆக்சைடு, இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு இடத்தைப் பிடிக்கும். விரிசல் மூட முடியாதபடி அது ஆப்புப்போல் நிற்கும். எளிதில் நொறுங்கி, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டும். 1971-இல் தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் தொடங்கப்பெற்ற, இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப்படும் நிறுவனத்தின் ஆய்வாளர்களும், உயர்வெப்பத்தில் ஆக்சிகரணம் எஃகின் அயர்ச்சி ஆயுளைக் குறைப்பதைப் பதிவுசெய்துள்ளனர்.

சென்ற விடுமுறையில் அப்பாவிடம் கேட்டேன்: "உடைஞ்ச எடம் எப்படிப்பா இருந்துச்சு?"

"பாதி கறுப்பா இருந்துச்சுடா. மிச்சம் புதுசா பளபளன்னு இருந்துச்சு."

அந்தக் கறுப்பு, பல நாள் சூட்டில் படிந்த ஆக்சைடு. விரிசல் அன்று விழுந்ததன்று. ஏற்கெனவே பாதி உடைந்திருந்த இரும்பு, அன்று மீதியும் முறிந்தது. விளக்கியதும் அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இத அன்னிக்கே சொல்லத் தெரியல" என்றார்.

நம் வீடுகளில் லோரி, வேன் ஓட்டுபவர்கள் பலர். கடும் ஏற்றத்திற்குப் பின் இயந்திரத்தை உடனே நிறுத்தாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். புகை கசியும் சத்தம் கேட்டால் உடனே பார்க்கச் சொல்லுங்கள். பாகம் உடைந்தால், வீசுவதற்கு முன் உடைந்த முகத்தைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.